ஜியாலஜி மாணவர்களுக்கான வேலை வழிகாட்டி: பி.எஸ்சி. முதல் வேலையின் ஐந்தாவது வருடம் வரை

ஜியாலஜி சேர்ந்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்னால் இரண்டு கேள்வி வரும். "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்பது ஒன்று. "போர் போட தண்ணி பார்த்துச் சொல்வியா?" என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சுலபம்: ஆமாம், அதுவும் ஒரு வேலைதான், ஒழுங்காகச் செய்தால் நல்ல வருமானமும் உண்டு. முதல் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. அல்லது எம்.எஸ்சி. ஜியாலஜி படிப்பவர்களையும், படிப்பை முடித்து ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஜியோபிசிக்ஸ் மாணவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போட்டித் தேர்வுக்குப் படிப்பதும் ஃபீல்டு வேலை கற்பதும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும். "முதலில் யு.பி.எஸ்.சி., அது கிடைக்காவிட்டால் பிரைவேட்" என்று வரிசை போட்டு வைத்தவர்கள் 28 வயதில் ஒரு கோர் பாக்ஸைக்கூட (துளையிட்டு எடுத்த கல் உருளைகளை அடுக்கும் பெட்டி) தொட்டுப் பார்க்காமல் இன்டர்வியூவுக்கு வருகிறார்கள். தேர்வில் காலியிடங்கள் வருடத்துக்கு வருடம் தாறுமாறாக ஏறி இறங்கும். அது உங்கள் கையில் இல்லை. ஃபீல்டு நோட்டு உங்கள் கையில் இருக்கிறது.

படி 1: யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒன்றிய அரசில் பெரிய பெயர் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம். எல்லோருக்கும் அது ஜி.எஸ்.ஐ. 1851-ல் தொடங்கியது, தலைமையகம் கொல்கத்தா. தென் மண்டல அலுவலகம் ஹைதராபாத்தில் இருக்கிறது, சென்னையில் தமிழ்நாட்டுக்கான பிரிவு உண்டு. அடுத்தது மத்திய நிலத்தடி நீர் வாரியம். யுரேனியத்தையும் அருமண் தனிமங்களையும் தேடுவது ஹைதராபாத்தில் உள்ள அணுக் கனிம இயக்குநரகம். சுரங்கங்களை மேற்பார்வை செய்யும் இந்தியச் சுரங்கப் பணியகம் நாக்பூரில். துளையிட்டுக் கனிமம் தேடும் எம்.இ.சி.எல். என்ற பொதுத்துறை நிறுவனமும் அதே நாக்பூர்தான். இவை தவிர ஓ.என்.ஜி.சி., ஆயில் இந்தியா, கோல் இந்தியா, என்.எம்.டி.சி. நம் பக்கத்தில் நெய்வேலி என்.எல்.சி., கடற்கரை மணலில் கனிமம் பிரிக்கும் மணவாளக்குறிச்சி ஐ.ஆர்.இ.எல்.

மாநில அரசில் புவியியல் மற்றும் சுரங்கத் துறை, நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவு, அரசின் கனிம நிறுவனமான டாமின், சேலத்தில் மேக்னசைட் நிறுவனமான டான்மேக். தனியாரில் அரியலூரைச் சுற்றியுள்ள சிமென்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், கிரானைட் குவாரிகள், கனிமத் தேடல் கம்பெனிகள், சுரங்கப்பாதை ஒப்பந்ததாரர்கள், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், எண்ணெய்க் கிணறு சர்வீஸ் கம்பெனிகள்.

தனியார் பக்கம் இப்போது கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்திருப்பதற்குக் காரணம் சட்டம். 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, பெருங்கனிமக் குத்தகைகளை ஏலத்தில் விட ஆரம்பித்தார்கள். ஏலம் விட வேண்டுமென்றால் அந்த பிளாக்கில் (ஏலத்துக்குப் பிரித்த நிலப்பகுதியில்) என்ன இருக்கிறது என்று யாராவது முதலில் தேடிப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தேடலுக்குப் பணம் கொடுக்க ஒரு அறக்கட்டளை நிதியும் அதே திருத்தத்தில் வந்தது. பிறகு தரச் சான்று பெற்ற தனியார் தேடல் நிறுவனங்களையும் அரசு இதற்குள் சேர்த்துக்கொண்டது. 2023 திருத்தம் லித்தியம், கிராஃபைட், நிக்கல் போன்ற 24 கனிமங்களை முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்டது. 2025 ஜனவரியில் இவற்றுக்கென்றே ஒரு தேசியத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தேடல் என்றால் டிரில்லிங், டிரில்லிங் என்றால் கோர், கோர் வந்தால் அதைப் பார்த்து எழுத ஜியாலஜிஸ்ட் வேண்டும்.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: மழை விட்டதிலிருந்து கோடை உச்சம் வரை, வீட்டை விட்டு, மொழி தெரியாத ஊரில், கேம்ப்பில் இருக்க முடியுமா? முடியாது என்பதும் நேர்மையான பதில்தான். அப்படியானால் ஜி.ஐ.எஸ். (கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை), ஆய்வகம், ஆசிரியப் பணி, ஆலோசனை நிறுவனத்தில் ரிப்போர்ட் எழுதும் வேலை என்று வழி வேறு. அதை எம்.எஸ்சி. முடித்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

படி 2: பி.எஸ்சி. வருடங்களில் ஊரைச் சுற்றுங்கள்

தமிழ்நாட்டில் ஜியாலஜி படிப்பது ஒரு அதிர்ஷ்டம், அது பாதிப் பேருக்குத் தெரியாது. சென்னைப் பரங்கிமலையில் கிடக்கிற கல்தான் உலகம் முழுக்க சார்னோகைட் என்று படிக்கப்படுகிற பாறை. அரியலூர், பெரம்பலூர் பக்கம் போனால் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் படிவுகள். காரை பக்கத்து ஓடைவெட்டு நிலமும் சாத்தனூர் கல்மரமும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட். நிலா மண் போலவே சோதனை மண் தயாரிக்க இஸ்ரோ அந்தப் பாறையைத்தான் எடுத்துப் போனது. சேலத்தில் மேக்னசைட், கஞ்சமலையில் இரும்பு, சிவன்மலையில் நெஃபலின் சையனைட், சாமல்பட்டியில் கார்பனடைட். வெளிநாட்டு மாணவர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற இடங்கள் நமக்கு டவுன் பஸ் தூரம்.

கல்லூரி கூட்டிப் போகும் ஃபீல்டு டிரிப் போதாது. ஐம்பது பேர் ஒரு அவுட்கிராப்பை (பாறை வெளியே தெரியும் இடம்) சுற்றி நின்றால் முன்னால் நிற்கும் ஐந்து பேர்தான் எதையாவது பார்ப்பார்கள். இரண்டு மூன்று நண்பர்களோடு தனியாகப் போங்கள். ஆனால் குவாரிக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடத்தில் சுத்தியலை வெளியே எடுக்காதீர்கள்.

ஃபீல்டு நோட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவும் இருக்க வேண்டும்: தேதி, ஜி.பி.எஸ். புள்ளி, பாறையின் நிறம், மணியளவு, கண்ணுக்குத் தெரிந்த கனிமங்கள், ஸ்ட்ரைக் (பாறை அடுக்கு ஓடும் திசை), டிப் (அது சாயும் கோணம்), ஜாயின்ட்களின் (பாறை விரிசல்களின்) திசை, வடக்குக் குறியும் அளவும் போட்ட ஒரு கைப்படம், மாதிரி எடுத்திருந்தால் அதன் எண். பாறையின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் பெயரை எழுதிவிட்டால் கண் அந்தப் பெயருக்கு ஏற்றதை மட்டும்தான் பார்க்கும். இந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், படி 6-ல் வேலைக்கு ஆகும்.

கம்ப்யூட்டர் பக்கம் கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருள் ஒன்று போதும், இலவசம். உங்கள் மாவட்டத்தின் நிலவியல் வரைபடத்தை ஜி.எஸ்.ஐ.யின் பூகோஷ் தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தையும் நிலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டும் உயர மாதிரியையும் போடுங்கள். பிளவுக்கோடுகளை நீங்களே வரைந்து, ஜி.எஸ்.ஐ. வரைந்ததோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வருகிற இரண்டு மூன்று இடங்களுக்கு நேரில் போய்ப் பாருங்கள். ஒரு செமஸ்டர் லீவில் முடிகிற வேலை இது. நாலு சர்டிபிகேட் கோர்ஸ் முடித்ததைவிட இதற்கு மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன். ரிமோட் சென்சிங் அடிப்படை வேண்டுமானால் டேராடூன் ஐ.ஐ.ஆர்.எஸ். நடத்தும் இலவச ஆன்லைன் வகுப்புகள் இருக்கின்றன.

தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. யு.பி.எஸ்.சி. புவி அறிவியலாளர் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அதுவும் பத்தி பத்தியாக. பாடம் நன்றாகத் தெரிந்த பலர் விழுவது இந்த இடத்தில்தான். வாரத்துக்கு ஒரு பக்கம், ஒரு பாறையைப் பற்றியோ ஒரு படிவுப் பகுதியைப் பற்றியோ ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். முதல் வருடமே ஆரம்பித்தால் எம்.எஸ்சி.க்குள் கை பழகிவிடும்.

படி 3: எம்.எஸ்சி. எங்கே, எந்தப் பெயரில்

பி.எஸ்சி.யோடு நின்றால் கதவுகள் குறைவு. மட் லாக்கிங் (எண்ணெய்க் கிணறு தோண்டும்போது வெளிவரும் சேற்றையும் கல்துகளையும் பார்த்துப் பதிவது), சாம்பிளிங், ஆய்வக உதவியாளர் போல சில வேலைகள் கிடைக்கும், மேலே ஏறுவது கஷ்டம். ஆகவே எம்.எஸ்சி. வேண்டும்.

ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் தேர்வில் ஜியாலஜி தாள் எழுத வேண்டும். பம்பாய், கரக்பூர், ரூர்க்கி, தன்பாத் எல்லாம் இந்த வழியில் வரும். தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், அண்ணாமலை, சேலம் பெரியார் பல்கலைக்கழகம், சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி என்று நல்ல துறைகள் இருக்கின்றன. பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். ஐ.ஐ.டி.யின் லாபம் கட்டடத்தில் இல்லை. அங்கே ஓடுகிற ஆய்வுக் கருவிகளும், வளாகத்துக்கு வரும் கம்பெனிகளும்தான் லாபம். ஜாம் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதுவதா? நான் வேண்டாம் என்பேன். மாநிலத்திலேயே ஒரு நல்ல துறையில் சேர்ந்து, அந்த இரண்டு வருடத்தை நன்றாகப் பயன்படுத்துவது மேல்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. யு.பி.எஸ்.சி. அறிவிக்கையில் எந்தெந்தப் பட்டப் பெயர் செல்லும் என்று பட்டியல் உண்டு: ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி, மினரல் எக்ஸ்ப்ளோரேஷன், இன்ஜினியரிங் ஜியாலஜி, மரைன் ஜியாலஜி, ஜியோகெமிஸ்ட்ரி, ஜியாலஜிக்கல் டெக்னாலஜி என்று போகும். புதிதாகத் தொடங்கிய கோர்ஸ்கள் கவர்ச்சியான பெயரில் வரும், பெயர் பட்டியலில் இருக்காது. சேருவதற்கு முன்பு கடைசி அறிவிக்கையைத் திறந்து உங்கள் பட்டத்தின் பெயர் அச்சு அசலாக அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கையையும் கூடவே பாருங்கள்.

படி 4: டிஸர்டேஷனை (எம்.எஸ்சி. ஆய்வேட்டை) வேலைக்கான முதல் ஆதாரமாக ஆக்குங்கள்

எம்.எஸ்சி.யில் மிக அதிகமாக வீணாகிற வாய்ப்பு இது. ஒரு தாலுகாவில் கிணற்றுத் தண்ணீர் முப்பது பாட்டில் பிடித்து, ஆய்வகத்தில் கொடுத்து, பைப்பர் வரைபடம் (தண்ணீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் படம்) போட்டு, "தண்ணீர் பாசனத்துக்கு ஏற்றது" என்று முடிக்கிற டிஸர்டேஷன்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தலைப்பில் குற்றமில்லை. அதையே எல்லோரும் அதே மாதிரி செய்வதால் அதைப் பார்த்து யாரும் உங்களைக் கூப்பிடுவதில்லை.

தலைப்பு எடுப்பதற்கு முன் பாருங்கள்: இந்த வேலையைச் செய்தால் எனக்கு எந்தக் கைத்திறமை வரும், அந்தத் திறமைக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் பெஞ்ச் (படிபோல வெட்டிய தளம்) வாரியாகத் தரம் எப்படி மாறுகிறது என்று வரைபடமாக்கினால், சிமென்ட் கம்பெனிக்கு அது தினசரித் தேவை. குவாரி முகங்களில் ஜாயின்ட் அளந்து சரிவு நிலைத்தன்மை கணக்கிட்டால், சுரங்கம், சாலை, அணை எல்லாவற்றுக்கும் ஆகும். நீலகிரியில் நிலச்சரிவுப் பட்டியல் தயாரித்து மழை அளவோடு பொருத்திப் பார்ப்பது இப்போது மிகவும் தேவைப்படுகிற வேலை. 2024 ஜூலையில் ஜி.எஸ்.ஐ. கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் திறந்தது. டார்ஜிலிங், கலிம்போங், நீலகிரி மாவட்டங்களுக்குத்தான் முதலில் அறிக்கை வெளியிட ஆரம்பித்தார்கள். அதே மாதக் கடைசியில் வயநாடு சரிந்தது.

சுரங்கத்துக்குள் அனுமதி வாங்குவது எப்படி? துறைத் தலைவரின் கடிதத்தோடு, சுரங்கத்தின் ஜியாலஜிஸ்ட் அல்லது மைன்ஸ் மேனேஜர் பெயருக்கு எழுத வேண்டும். பொத்தாம்பொதுவாக "பயிற்சி தேவை" என்று எழுதினால் பதில் வராது. எத்தனை நாள், எந்த வேலை, உங்களுக்கு என்ன தெரியும், முடிவில் அவர்களுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று நாலே வரியில் சொல்லுங்கள். ஒரு வாரம் பொறுத்து போனில் கேளுங்கள். பழைய மாணவர் யாராவது அங்கே இருந்தால் வேலை பாதி முடிந்தது. சீனியர்களின் போன் நம்பரைத் துறையில் ஒருவர் தொகுத்து வைத்தால் பத்து பேட்ச்சுக்குப் பயன்படும், ஆனால் ஏனோ யாரும் செய்வதில்லை.

ஆராய்ச்சிப் பக்கம் போக எண்ணம் இருந்தால், மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் போய் இருக்கலாம், செலவுக்கும் தருவார்கள். ஹைதராபாத் என்.ஜி.ஆர்.ஐ., திருவனந்தபுரம் என்.சி.இ.எஸ்.எஸ்., டேராடூன் வாடியா நிறுவனம், சென்னை என்.ஐ.ஓ.டி. போன்ற இடங்களுக்கு நேரடியாகவும் எழுதலாம். எழுதுவதற்கு முன் அந்த விஞ்ஞானியின் கட்டுரை ஒன்றையாவது படித்திருக்க வேண்டும், கடிதத்தில் அது தெரிய வேண்டும்.

படி 5: தேர்வுகளை ஒரே படிப்பாகப் படியுங்கள்

நான்கு தேர்வு. பாடத்திட்டம் முக்கால்வாசி ஒன்றுதான்.

முதலாவது, யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. ஜி.எஸ்.ஐ.யில் ஜியாலஜிஸ்ட், ஜியோபிசிசிஸ்ட், கெமிஸ்ட். நிலத்தடி நீர் வாரியத்தில் சயின்டிஸ்ட் பி. எல்லாமே குரூப் ஏ. வயது 21 முதல் 32, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். முதல்நிலையில் பொது அறிவு 100, பாடத் தாள் 300, இரண்டும் கொள்குறி வகை. முதன்மைத் தேர்வில் தலா 200-க்கு மூன்று விரிவான தாள்கள். அப்புறம் 200-க்கு நேர்முகம். ஐ.ஏ.எஸ். தேர்வு போல இல்லாமல், இங்கே முதல்நிலை மதிப்பெண்ணும் இறுதித் தரவரிசையில் சேரும். ஆகவே "பிரிலிம்ஸ் பாஸ் ஆனால் போதும்" என்ற எண்ணம் ஆகாது. ஹைட்ரோஜியாலஜி (நிலத்தடி நீரியல்) பதவியும் வேண்டுமென்றால் முதல் இரண்டு ஜியாலஜி தாள்களோடு ஹைட்ரோஜியாலஜி தாளையும் எழுத வேண்டும். ஜியாலஜிஸ்ட் பதவிக்கு மூன்றாவது ஜியாலஜி தாள். இரண்டுக்கும் சேர்த்து எழுதுபவர்கள் நான்கு தாளுக்கும் தயாராவார்கள். நிலத்தடி நீர் படித்த தமிழ்நாட்டு மாணவர்கள் இந்த நான்காவது தாளை விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இரண்டாவது கேட் (GATE) தேர்வு. ஜியாலஜி, ஜியோபிசிக்ஸ் இரண்டுக்கும் ஒரே தாள், பொதுப் பகுதி போக மீதியில் உங்கள் பிரிவைத் தேர்ந்தெடுப்பீர்கள். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். எம்.டெக்., பி.எச்டி. சேரவும் உதவும், சில பொதுத்துறை நிறுவனங்கள் ஆள் எடுக்கவும் பயன்படுத்துகின்றன. எந்த நிறுவனம் எந்த வருடம் கேட் வழியாக எடுக்கும், எப்போது தனித் தேர்வு வைக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். பழைய யூடியூப் வீடியோவை நம்ப வேண்டாம், நிறுவனத்தின் அறிவிக்கையைப் படியுங்கள்.

மூன்றாவது சி.எஸ்.ஐ.ஆர். நெட். புவி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல் எல்லாம் சேர்ந்த ஒரே தாள். வருடத்துக்கு இரண்டு தடவை. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. வெறும் ஜியாலஜி மட்டும் படித்தவர்களுக்கு வளிமண்டலமும் கடலும் புதிதாக இருக்கும். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதத் தேவையில்லை என்பதால் பயப்பட வேண்டாம்.

நான்காவது டி.என்.பி.எஸ்.சி. உதவி நிலவியலாளர் போன்ற பதவிகள் எப்போதாவதுதான் வரும், வந்தால் விடக்கூடாது. தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற தாளைத் திருத்துவார்கள். வெளிமாநிலத்தில் எம்.எஸ்சி. படித்துவிட்டு வருபவர்கள் இதைக் கடைசி வாரத்தில் நினைத்துக்கொள்கிறார்கள்.

படிக்கும் வரிசை: முதலில் கனிமவியல், பாறையியல், அமைப்பு நிலவியல். இந்த மூன்றும் உறுதியாக இல்லாமல் தாதுப் படிவுகளும் இந்தியப் படிவியலும் மனப்பாடமாகத்தான் இருக்கும், அந்த மனப்பாடம் நேர்முகத்தில் அம்பலமாகிவிடும். நேர்முகத்தில் பெரும்பாலும் உங்கள் சொந்த மாவட்டத்தின் நிலவியலையும், டிஸர்டேஷன் பகுதியையும் கேட்பார்கள். படி 2-ல் சொன்ன வரைபடம் இங்கே கைகொடுக்கும். பிரிலிம்ஸ், கேட், ஜாம் எல்லாம் பிப்ரவரியை ஒட்டியே வருவதால், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 6: முதல் தனியார் வேலை

முதல் வேலை பெரும்பாலும் கோர் லாக்கிங்காக இருக்கும். ரிக் பக்கத்தில் நின்று, வெளியே வரும் கல் உருளையைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, ஆழம் குறித்து, பாறை, நிறமாற்றம், கனிமம், முறிவுகள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். கோர் அளவுகளில் என்.கியூ. என்றால் 47.6 மில்லிமீட்டர் விட்டம், எச்.கியூ. என்றால் 63.5. இன்டர்வியூவில் கேட்கிற மிகச் சாதாரணமான கேள்வி ஆர்.கியூ.டி., அதாவது பாறை எவ்வளவு உடையாமல் இருக்கிறது என்று காட்டும் சதவீதம். 1.5 மீட்டர் ஓட்டத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளின் மொத்த நீளம் 1.05 மீட்டர் என்றால் ஆர்.கியூ.டி. எவ்வளவு? 70 சதவீதம். டிரில் செய்யும்போது உடைந்ததா, பாறையிலேயே இருந்த முறிவா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இயந்திரத்தால் உடைந்ததை உடைசலாகக் கணக்கிடக்கூடாது. எம்.எஸ்சி. முடித்தவர்களில் இதைப் பேனா பிடித்துச் செய்து காட்டுபவர்கள் குறைவு. நீங்கள் செய்து காட்டினால் அந்த மேசையில் பேச்சே மாறிவிடும். கூடவே ஃபீல்டு நோட்டையும் எடுத்து வையுங்கள்.

தேடலின் நிலைகளையும் தெரிந்துகொண்டு போங்கள்: ஜி4 மேலோட்டமான தேடல், ஜி3 முதற்கட்டம், ஜி2 பொதுத் தேடல், ஜி1 விரிவானது. நீங்கள் சேரும் பிளாக் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் நீங்கள் வரைபடம் போடப் போகிறீர்களா, மாதிரி எடுக்கப் போகிறீர்களா, மூன்று மாதம் கோர் ஷெட்டிலேயே இருக்கப் போகிறீர்களா என்று தெரியும்.

அடுத்த பெரிய களம் சுரங்கப்பாதைகள். இமயமலையில் ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் ரயில் பாதை, சோஜிலா, நீர்மின் திட்டங்கள், நகரங்களில் மெட்ரோ. வெடி வைத்துத் தோண்டும் பாதையில் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் புகை போனதும் ஜியாலஜிஸ்ட் உள்ளே போய்ப் புதிய முகத்தை வரைந்து, பாறையின் உறுதியைக் காட்டும் ஆர்.எம்.ஆர். அல்லது கியூ மதிப்புப் போட வேண்டும். எத்தனை ராக் போல்ட் (பாறையைப் பிடித்து நிறுத்தும் கம்பி), எவ்வளவு ஷாட்கிரீட் (பீய்ச்சியடிக்கும் கான்கிரீட்) என்பது அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகும். எண்ணைக் கூட்டிப் போட்டால் உயிர் ஆபத்து, குறைத்துப் போட்டால் செலவு ஏறுகிறது என்று ஒப்பந்ததாரரோ கிளையன்ட்டோ கேட்பார்கள். இரண்டு பக்க அழுத்தத்துக்கும் நடுவில் நிற்கிற வேலை. வேகமாகக் கற்க இதைவிட நல்ல இடம் இல்லை, தூக்கம் கெடும் என்பதும் உண்மை. ராக் மெக்கானிக்ஸ் படித்துவிட்டுப் போங்கள், நம் எம்.எஸ்சி. பாடத்தில் அது மெலிதாகத்தான் இருக்கிறது.

எண்ணெய்க் கிணறுகளில் மட் லாக்கிங் நுழைவாயில். 12 மணி நேர ஷிஃப்ட், சில வாரம் ரிக்கில், சில வாரம் வீட்டில். வெளிநாடு போக வாய்ப்பு உண்டு, எண்ணெய் விலை விழுந்தால் முதலில் வெட்டு விழுவதும் இங்கேதான்.

சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள் நகரத்தில் இருக்க விரும்புபவர்களுக்குப் பொருந்தும். 2012-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சிறுகனிமக் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொன்னது. கல், கிராவல், மணல் என்று எதை எடுக்கவும் சுரங்கத் திட்டமும் அனுமதியும் தேவைப்பட, இந்த அலுவலகங்கள் பெருகின. ஒரு எச்சரிக்கை: ஒரு குவாரி ரிப்போர்ட்டை எடுத்து இடத்தின் பெயரை மட்டும் மாற்றி அடுத்த குவாரிக்குக் கொடுக்கிற இடங்களும் உண்டு. அங்கே சேர்ந்து இரண்டு வருடம் இருந்தால் காப்பி அடிக்கத்தான் பழகுவீர்கள். சேருவதற்கு முன்பு "களத்துக்கு யார் போவார்கள்?" என்று கேளுங்கள்.

எந்த வேலையானாலும் ஆஃபர் வாங்கும்போது தங்குமிடம், விபத்துக் காப்பீடு, பி.எஃப்., எத்தனை நாளுக்கு ஒருமுறை லீவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெண்களுக்குச் சுரங்கத்தில் வேலை இல்லை என்று இன்னும் சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அது பழைய கதை. 2019-ல் வந்த அறிவிக்கையே தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பதவிகளில் உள்ள பெண்கள் பகல் நேரத்தில் நிலத்தடிச் சுரங்கத்துக்குள் வேலை செய்ய அனுமதித்துவிட்டது. நடைமுறைத் தடை வேறு: பல கேம்ப்புகளில் பெண்களுக்குத் தனித் தங்குமிடமும் கழிப்பறையும் இல்லை. அதை நேரடியாகக் கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை. ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருவரிடம் பேச முடிந்தால் இன்னும் நல்லது.

படி 7: வெளிநாடு

பி.எச்டி. என்றால் சம்பளத்தோடு வரும் இடத்துக்கு மட்டும் போங்கள். மாஸ்டர்ஸுக்கு எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, கனிம வளம் சார்ந்த கூட்டுப் படிப்புகளும் அதில் உண்டு. விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் முடிந்துவிடும். ஜெர்மனியில் 1765-ல் தொடங்கிய ஃப்ரைபெர்க் சுரங்கப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்திலும் சில படிப்புகள் நடத்துகிறது. கடன் வாங்கி ஆஸ்திரேலியா போவதற்கு முன், இந்தியாவில் இரண்டு வருடமாவது தேடல் வேலை பார்த்துவிட்டுப் போனால் அங்கே வேலை கிடைப்பது சுலபம்.

மாநாடுகளில் வியன்னாவில் ஏப்ரல், மே வாக்கில் நடக்கும் ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் கூட்டம் பெரியது. கடைசிப் பட்டம் வாங்கி ஏழு வருடத்துக்குள் இருப்பவர்களை அவர்கள் இளம் ஆய்வாளர்களாகக் கருதுகிறார்கள், பயண உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். இங்கே 1958-ல் பெங்களூரில் தொடங்கிய இந்திய நிலவியல் கழகம் இருக்கிறது. அதன் மாதாந்திர இதழைத் துறை நூலகத்தில் புரட்டுங்கள், நேர்முகத்துக்கும் உதவும்.

படி 8: முதல் ஐந்து வருடமும் காகிதங்களும்

ஐந்து வருடம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் பல கையெழுத்து உரிமைகள் ஐந்தாவது வருடத்தில்தான் திறக்கின்றன. சுரங்கத் திட்டம் தயாரிக்க ஜியாலஜியில் முதுநிலைப் பட்டமும், பட்டத்துக்குப் பிறகு சுரங்கத் துறையில் மேற்பார்வைப் பொறுப்பில் ஐந்து வருட அனுபவமும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதிமுறையில் கனிம இருப்பு அறிக்கையில் கையெழுத்துப் போடும் தகுதியுள்ள நபருக்கு, அதே வகைப் படிவில் குறைந்தது ஐந்து வருட அனுபவமும், அங்கீகாரம் பெற்ற தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினர் தகுதியும் வேண்டும். 2019-ல் இந்தியாவுக்கும் இதே வகையில் ஐ.எம்.ஐ.சி. என்ற விதிமுறை வந்திருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி ஆலோசனையில் ஜியாலஜி நிபுணர், நிலத்தடி நீர் நிபுணர் என்ற அங்கீகாரத்தை நாபெட் என்ற தரச் சான்று அமைப்பு தருகிறது, அங்கும் அனுபவச் சான்றுதான் அடிப்படை.

ஆகவே வருடத்துக்கு ஒரு கனிமம், ஒரு கம்பெனி என்று தாவினால் சம்பளம் கொஞ்சம் ஏறலாம், ஒரு படிவில் ஆழம் வராது. முதல் இரண்டு வருடம் பலவும் பாருங்கள், மூன்றாவது வருடத்திலிருந்து ஒன்றில் நில்லுங்கள்.

ஒவ்வொரு வேலையை விட்டு வரும்போதும் அனுபவச் சான்றில் பதவிப் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்தக் கனிமம், எந்த இடம், எத்தனை மீட்டர் லாக் செய்தீர்கள், "மேற்பார்வைப் பொறுப்பில்" என்ற சொல், இவை எல்லாம் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். "இன்னார் இங்கே பணியாற்றினார், நல்ல நடத்தை உள்ளவர்" என்று ஒற்றை வரியில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து, நீங்களே வரைவு எழுதித் தந்து கையெழுத்து கேளுங்கள். பெரும்பாலான மேனேஜர்கள் போட்டுவிடுவார்கள். கம்பெனி மூடிய பிறகோ, மேனேஜர் வேறு இடம் போன பிறகோ இதை வாங்க அலைவது நரகம். கம்பெனியின் தரவுகளைப் பென் டிரைவில் எடுத்து வராதீர்கள், அது திருட்டு. எந்த வேலை செய்தீர்கள், என்ன அளவு, எந்த முறை என்று உங்கள் சொந்த நோட்டில் மாதாமாதம் எழுதி வைத்துக்கொள்ளத் தடையில்லை. உரிமத்துக்கோ உறுப்பினர் தகுதிக்கோ விண்ணப்பம் நிரப்பும்போது ஐந்து வருட விவரத்தையும் மாதவாரியாகக் கேட்பார்கள்.